வேம்புக்கு வயது கேட்ட வியாழக்கிழமை

1974 ஜூன் 12, புதன். காலை 5.20-க்கு மொரப்பூரில் இறங்கினேன். சென்னையில் முந்தின இரவு ஏறிய வண்டி அரை மணி தாமதம். ஸ்டேஷன் வாசலில் டீ இருபது காசு; தருமபுரிக்குப் பஸ் கட்டணம் ஒரு ரூபாய் பத்து காசு. இந்தப் பாதையில் ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியதாகவும், யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டதாகவும் பக்கத்து இருக்கைக்கார வெல்ல வியாபாரி சொன்னார். எந்த வருஷம் என்று கேட்டேன்.

"எங்கப்பாருக்குக் கண்ணாலம் ஆன வருசம்ங்க."

அப்பாவுக்கு எப்போது கல்யாணம் ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. நான் சென்னையில் ஒரு தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவன். தேதி முத்திரை குத்துவது பிழைப்பு. வீட்டுக்கு வந்து டைரி எழுதுவது பொழுதுபோக்கு.

புறப்பட்டது ஒகேனக்கல் பார்க்க. தருமபுரியில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு 8.10-க்குப் பென்னாகரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் சாம்பல் நிறச் சேலை உடுத்திய ஒரு கன்னியாஸ்திரி இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். காலடியில் இரண்டு கூடை நிறைய வேப்பங்கன்றுகள்.

கண்டக்டர் கூடைகளைப் பார்த்தார். "சிஸ்டர், இதுங்களுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"

"மடிக் கொழந்தைங்கப்பா. மடிக்கு ஏது டிக்கெட்?"

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. வளரவே மாட்டேங்குதே!"

பஸ் சிரித்தது. நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மணி பார்த்துக் குறித்துக்கொள்வதைக் கவனித்த அவர், எதற்கு என்று விசாரித்தார். சொன்னேன். "அருவி நாளைக்கும் விழும் சார். நாளைக்குப் பத்து மணிக்கு எங்க ஊருக்குத் தாசில்தார் வர்றாரு. எங்ககிட்ட ஒரு நோட்டு இருக்குது. அதுல நாளு இருக்குது, தேதி இல்ல. எறங்கி ஒரு பார்வை பாத்துட்டுப் போறீங்களா?" என்றார்.

9.05-க்கு அவரோடு இறங்கினேன்.

சாலையிலிருந்து பாறைக்கொட்டாய் ஒன்றரை மைல். நடந்தபடியே சிஸ்டர் ரெஜினா விஷயத்தைச் சொன்னார். ஒரு கற்குன்றின் அடிவாரத்தில், அரசாங்கப் புறம்போக்கில், பத்தொன்பது வீடுகள். கூலி வேலை செய்பவர்கள். குன்றைக் குத்தகைக்கு எடுத்துக் கல் உடைக்க வெளியூர்க்காரர் ஒருவர் மனுப் போட்டிருக்கிறார். குடியிருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து புகுந்தவர்கள் என்பது அவர் வாதம். பத்து வருஷக் குடியிருப்புக்கு ஓர் அத்தாட்சி காட்டினால் பட்டாவுக்குப் பரிந்துரைப்பதாகத் தாசில்தார் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் வீடுகளும் போகும், குன்றும் போகும். குன்றில் விழும் மழைதான் ஊரின் ஒரே கிணற்றுக்கு வருகிறது.

மணியக்காரர் பதிவேட்டில் இந்த ஊர்ப் பிறப்புகள் ஏறவில்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டிலோ, வாத்தியார் கணக்கில் பாறைக்கொட்டாய்ப் பிள்ளைகள் எல்லாரும் ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள். மிஞ்சியது பெரிய சிஸ்டரின் நோட்டுதான்.

ஊரில் நான் முதலில் கவனித்தது நிழல். சுற்றிலும் கரடும் முள்ளும். ஆனால் ஒவ்வொரு வீட்டின் பக்கவாட்டிலும் ஒரு துணி துவைக்கும் கல், அதை ஒட்டி ஒரு வேம்போ புங்கனோ. சில வீட்டுக்கு மூன்று, ஒரு வீட்டுக்கு ஆறு.

"அந்த வூட்டுல ஆறு புள்ளைங்க" என்றார் சிஸ்டர் ரெஜினா.

பெரிய சிஸ்டர் அருளம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. இதே மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1962-இல் இங்கே ஓர் ஓட்டு வீட்டில் மருந்தகம் திறந்தார்கள். பிரசவம் பார்த்து அனுப்பும்போது தாயின் ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் ஒரு கன்றையும் கொடுப்பது அவர் வழக்கம். கூடவே ஒரு கட்டளை: பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர் கன்றின் மேல்தான் விழ வேண்டும்.

"இந்தக் கரட்டுல செடிக்குன்னு யாரு தண்ணி எடுப்பாங்க?" என்றார். "புள்ளைக்குன்னா மூணு மைலு போயாவது கொண்டாருவாங்க. அதுல இது பொழச்சிக்கும்."

நோட்டைக் கொடுத்தார். நீல மசி, முத்து முத்தான எழுத்து. "கொட்டாயில் மூன்றாம் வீடு. மாதம்மா. பெண். வேம்பு. அர்ச். சூசையப்பர் திருநாள், குருத்து ஞாயிறுக்கு மூன்று நாள் முன்." அடுத்தது: "இரண்டாம் வீடு. ஆண். புங்கன். பாஸ்குவுக்கு மறுநாள்." எல்லாம் இப்படியே. நூற்றுப் பதினோரு பிரசவம். ஒரு தேதி இல்லை, ஒரு வருஷம் இல்லை.

"வருஷம் எழுதலையே, சிஸ்டர்?"

"எந்த வருசம் நடக்குதுன்னு ஊருக்கே தெரியுமே! அதைப் போயி எதுக்கு எழுதறது?"

மத்தியானம் அவருடைய பழைய ஜெபப் புத்தகத்தைப் புரட்டியபோது, முன்பக்கத்தில் பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர், எந்த ஆண்டில் எந்தத் தேதி வரும் என்று ஓர் அட்டவணை இருந்தது. அதன் பிறகு வேலை எளிது. தேதி மாறாத திருநாளும் மாறுகிற திருநாளும் சேர்ந்து வந்த குறிப்பு மாதம்மாவுடையது ஒன்றுதான். சூசையப்பர் திருநாள் எப்போதும் மார்ச் 19. அதற்கு மூன்றாம் நாள் குருத்து ஞாயிறு என்றால் மார்ச் 22; அடுத்த ஞாயிறு, மார்ச் 29, பாஸ்கு. விரலை அட்டவணையில் ஓட்டினேன். 1964.

சிஸ்டர் ரெஜினா கைதட்டினார். பத்து வருஷம், கூடவே மூன்று மாதம்!

விரலை இன்னும் கீழே ஓட்டியிருக்க வேண்டாம். 1970-லும் பாஸ்கு மார்ச் 29-இல்தான் வந்திருந்தது. அப்படியானால் மரத்துக்கு வயது நாலு.

"அதை நாம சொல்ல வேண்டியதில்லையே" என்றார் சின்னவர்.

"தாசில்தாரு புஸ்தகத்தைக் கேட்டா குடுப்பமா, கிழிச்சிட்டுக் குடுப்பமா?" என்றார் பெரியவர். "சொல்லிடு."

சாயங்காலம் வரை மூவரும் அந்த நோட்டோடு மல்லுக்கட்டினோம். மாதம்மாவின் பக்கம் கழன்று ஓரத்தில் செருகப்பட்டிருந்தது. முன்பின் எது என்று சொல்ல வழியில்லை. எனக்குக் கூழும் கருவாடும் வந்தது. அதன் ருசி கூட நினைவில் இல்லை.

ஜூன் 13, வியாழன். அந்தோணியார் திருநாள். 10.40-க்கு ஜீப் வந்தது. கண்ணாடி அணிந்த, சிரிக்காத தாசில்தார். அவரோடு குத்தகைக்காரரின் ஆள் ஒருவர். தாசில்தார் சிஸ்டர் ரெஜினாவைப் பார்த்து, "சொல்லுங்க" என்றார்.

"வூடு அவங்களுது சார். அவங்களைக் கேளுங்க" என்று சிஸ்டர் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். எட்டு மாதமாக ஊர்ப் பெண்களுக்கு அவர் பழக்கிவந்தது இப்படித் தாங்களே பேசுவதைத்தான் என்று பிறகு அறிந்தேன்.

மாதம்மா முன்னே வந்தார். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். நோட்டை நீட்டி, தன் வீட்டையும் மரத்தையும் காட்டினார். அட்டவணையை நான் விளக்கினேன். 1970-ஐயும் சொன்னேன். சொல்லும்போது சிஸ்டர் ரெஜினாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

குத்தகைக்காரரின் ஆள் உடனே பிடித்துக்கொண்டார். "பாருங்க சார், அவங்க ஆளே ஒத்துக்கிறாரு. நாலு வருசத்து மரம்!"

தாசில்தார் வேம்பை அண்ணாந்து பார்த்தார். "ரெண்டு வருஷத்துக்கும் இது பொருந்துதேம்மா. நான் எதை எழுதறது?"

மாதம்மா என்னையும் சிஸ்டர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கா நேத்தெல்லாம் மூணு பேரும் வெளக்குப் போடற வரைக்கும் ஒக்காந்திருந்தீங்க?" என்றவர், வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "ஏய் ராணி! புஸ்தகத்தோட வா!"

இரட்டைப் பின்னல் போட்ட பெண் வந்து வேம்பின் கீழே நின்றாள். மாதம்மா பாடப் புத்தகத்தை வாங்கித் தாசில்தாரிடம் கொடுத்தார். ஐந்தாம் வகுப்பு.

"நோட்டுல இருக்கற பொண்ணு இதுதாங்க."

"உனக்கு எத்தனை பொண்ணு?"

"ஒண்ணே ஒண்ணு. மத்த மூணும் பசங்க, நோட்டுல பாத்துக்குங்க. இவ பொறந்தது எழுபதுன்னா இப்ப நாலு வயசு. நாலு வயசுல அஞ்சாவது படிக்கற பொண்ணு எங்க ஊர்ல பொறந்திருந்தா, எனக்குப் பட்டா வேணாங்க. பொண்ணுக்குப் பரிசு குடுங்க!"

ஊர் மொத்தமும் சிரித்தது. சிரிக்காத தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன்: "19-3-1964-க்கு முன்பிருந்தே குடியிருப்பு." மற்ற வீடுகளையும் மரம் மரமாக நின்று, அந்தந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் குறித்துக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் உட்பட படித்தவர்கள் மூவரும் பின்னால் நடந்தோம். பெரிய சிஸ்டர் என் காதருகில், "பத்து வருசமா அந்தப் புள்ளைக்கு நானே பேன் பாக்கறேன். நெனப்பு வரலியே!" என்றார்.

பிற்பகல் 3.15-க்குத் திரும்பும் பஸ். விடுப்பு முடிந்துவிட்டதால் ஒகேனக்கல் இல்லை. புறப்படும்போது பெரிய சிஸ்டரிடம், இனிமேலாவது தேதி போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார். அன்று காலையில் பிறந்த ஆண் குழந்தைக்கு நோட்டில் "13-6-1974" என்று எழுதினார். சற்று யோசித்து, அது போதாதென்று பட்டதோ என்னவோ, பக்கத்திலேயே "அந்தோணியார் திருநாள்" என்றும் எழுதினார்.

சென்னையில் என் வீட்டில் எட்டு மாதப் பேரன் இருக்கிறான். பிறந்த நேரம் இரவு 9.42 என்று என் டைரியில் இருக்கிறது. அவனைக் குளிப்பாட்டிய தண்ணீர் எங்கே போகிறது என்று ஊர் திரும்பிய அன்றுதான் பார்த்தேன். சிமெண்டுத் தரை, ஓட்டை, தெருச் சாக்கடை. நடுவதற்கு ஒரு சாண் மண் எங்கள் வீட்டில் இல்லை.

சில மாதம் கழித்து ராணியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பதினேழு வீட்டுக்குப் பட்டா வந்துவிட்டதாம். இரண்டு வீட்டுக்குச் சின்ன சிஸ்டர் மறுபடி மனு எழுதியிருக்கிறாராம். குன்றுக்கு இன்னும் யாரும் வெடி வைக்கவில்லையாம். கார்டின் தலைப்பில், தேதி எழுத வேண்டிய இடத்தில், "எங்க ஊர் மாரியம்மன் பண்டிகை முடிஞ்ச மூணாம் நாள்" என்று இருந்தது. தபால் முத்திரையிலோ மசி அப்பியிருந்தது. என் தொழிலில் அது குற்றம்.

எந்தத் தேதி என்று எழுதிக் கேட்கலாம் என்று பேனாவை எடுத்தேன். பிறகு வேண்டாமென்று வைத்துவிட்டு, டைரியில் அவள் எழுதியபடியே எழுதிக்கொண்டேன்.