அத்தையின் தாம்புக் கயிறு

எங்கள் மாதுங்கா வீட்டில் ஹிந்தி தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. ஆபீஸ் இங்கிலீஷில் நடந்தது, வீடு தமிழில் நடந்தது. கறிகாய்க்காரியிடமும் மாடிப்படிச் சிநேகிதிகளிடமும் நான் பொறுக்கிக்கொண்ட பாஷைக்கு ஹிந்தி என்று பெயர் வைத்திருந்தோம். வீட்டில் அதற்கு ஏக மரியாதை. எனக்குத் தலைக்கனம் ஏறியதில் ஆச்சரியம் இல்லை.

அந்த வருஷம் மே மாதத்தில் அப்பாவுக்கு இலவச பாஸ் கிடைத்தது. புஷ்கர் போவதென்று தீர்மானமாயிற்று. அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தாள். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள். மார்க்கெட்டையும் கோயிலையும் தாண்டி எங்கும் போனதில்லை. புஷ்கர் குளத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. நிபந்தனையும் ஒன்றுதான்: தோல் பட்ட தண்ணீரைப் பல்லில் படவிட மாட்டாள். பாலைவனத்துப் பக்கம் ஆட்டுத்தோல் பையில்தான் தண்ணீர் சுமக்கிறார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதனால் படுக்கைச் சுருட்டுக்குள் ஒரு தாம்புக் கயிற்றையும் சின்னப் பித்தளை வாளியையும் வைத்துக் கட்டிக்கொண்டாள். கயிற்றின் நுனி வெளியே தொங்கியது. ரயிலில் எல்லோரும் அதைப் பார்ப்பதாக எனக்கு ஒரே மானக்கேடு.

அஜ்மீரில் இறங்கி டோங்கா பிடித்தோம். புஷ்கரில் முதலில் பார்த்தது ஒரு தர்மசாலை. முற்றத்தில் கிணறு இருந்தது. அறைகள் இருட்டு, தரையெல்லாம் புறா எச்சம். அத்தை கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, இதுவே போதும் என்றாள். டோங்காக்காரன் இன்னொரு இடமும் சொல்லியிருந்தான். அதையும் பார்த்துவிடலாம் என்றார் அப்பா.

இரண்டாவது இடம் வெள்ளையடித்த விடுதி. மொட்டைமாடி ஏறினால் மணல்மேடு தெரியும். வாசலில் ஓர் ஒட்டகம் கட்டியிருந்தது. குழந்தைகளுக்குக் காலையும் மாலையும் சவாரி உண்டு என்று விடுதிக்காரக் கிழவர் என்னிடம் சொன்னார். அதோடு தீர்ந்தது என் கதை.

தண்ணீர் எப்படி என்று கேட்கச் சொன்னார் அப்பா. கேட்டேன். கிழவர் ஒளிக்காமல் சொன்னார்: இங்கே கிணறு கிடையாது, தூரத்துக் கிணற்றிலிருந்து ஆள் இரண்டு வேளையும் தோல் பையில் கொண்டுவந்து ஊற்றுவான், தண்ணீர் கல்கண்டாக இருக்கும். எல்லாம் எனக்கு நன்றாகப் புரிந்தது. நான் அத்தையைப் பார்த்துச் சொன்னேன்:

"பின்னாடி கிணறு இருக்காம், அத்தை. பிராமணர்தான் எறைச்சுப் பித்தளைக் கொடத்துல கொண்டு வராராம். வெளி மனுஷா அதுல கயிறு போடப்படாதாம். அவாளுக்கு மடியாம்."

எங்கிருந்து வந்தது அந்த சாமர்த்தியம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அத்தை உடனே தலையை ஆட்டினாள்.

"வாஸ்தவம்தானே. அவா மடி அவாளுக்கு."

எடுத்த கயிற்றை மறுபடி சுருட்டி உள்ளே வைத்தாள். அன்று சாயங்காலம் அந்தத் தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்தாள். நான் ஒட்டகத்தின் மேல் இருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் மொட்டைமாடிக்கு ஓடினேன். கீழே தண்ணீர்க்காரன் முதுகிலிருந்த தோல் பையைச் சாய்த்துக் குடங்களில் ஊற்றிக்கொண்டிருந்தான். நாலடி தள்ளிக் கையில் சொம்போடு அத்தை நின்றாள். நான் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குனிந்து எட்டிப் பார்த்தேன். பொய் சொன்னால் அப்பாவிடம் விசிறிக்காம்பு முதுகில் ஒடியும். அத்தைக்கும் அது தெரியும். அவள் அந்தத் தோல் பையையே பார்த்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் குளத்துப் பக்கம் நடந்தாள். அத்தைக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குளித்துவிட்டு வந்தவள், இந்த க்ஷேத்திரத்தில் இருக்கும் வரை பழம் மட்டும்தான் என்று வேண்டிக்கொண்டிருப்பதாக அப்பாவிடம் சொன்னாள். அப்பாவுக்கு சந்தோஷம், தர்பூசணி வாங்கி வந்தார். இரண்டு நாளும் அதுதான் அவளுக்கு ஆகாரம். காலையும் மாலையும் குளத்துக்குப் போய் வந்தாள். அங்கே குடித்ததுதான் தண்ணீர். குடத்தில் கொண்டுவந்திருந்தால் எதற்கு என்று அப்பா கேட்டிருப்பார். அனல் காற்றில் அவள் உதடு தோல் உரிந்து வெடித்திருந்தது. அவளுக்கு மட்டும் எத்தனை தர்பூசணி என்று எனக்குப் பொறாமை.

கிளம்பிய அன்று அஜ்மீர் போகிற வழியில் ஒரு கிணற்றைப் பார்த்ததும் டோங்காவை நிறுத்தச் சொன்னாள். கயிற்றை அவிழ்த்து, தானே இறைத்து, சொம்பு சொம்பாகக் குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்து புடவையை நனைத்தது. நான் டோங்காவிலிருந்து கத்தினேன்:

"அப்பா, பாருங்கோ! அத்தை ஒட்டகமாட்டம் குடிக்கறா!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எங்களோடு சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இந்த வயதிலும் உடம்பு கூசுகிறது.

மாதுங்கா திரும்பி ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தனக்கு ஹிந்தி சொல்லித்தரும்படி அத்தை கேட்டாள்.

"கெணத்துக்கு என்னடீ?"

"குவா."

"தோலுக்கு?"

"சம்டா."

இரண்டையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். 'சம்டா' அவள் வாயில் 'ஜம்டா' ஆயிற்று. அதை மாடிப்படியில் எல்லோரிடமும் நடித்துக் காட்டினேன். உலகத்தில் எத்தனையோ வார்த்தைகள் இருக்க, முதலில் இந்த இரண்டும் எதற்கு என்று வாத்தியாரம்மாவுக்குத் தோன்றவே இல்லை.