மருந்து இறங்காத நாட்கள்

எங்கள் விஜயநகர் வீட்டு ஃப்ரிட்ஜில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு சிறிய அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே கண்ணாடிக் குப்பி, அதன் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி. அண்ணனே சம்மதித்து வாங்கிய மருந்துதான். ஆனாலும் பார்த்தால் மனம் மாறிவிடுவானோ என்று அம்மா அதன்மேல் கொத்தமல்லிக் கட்டை வைத்து மறைப்பாள். அவன் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாலே நான் ஓடிப்போய்ப் பாலை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

அண்ணன் தொழிற்சாலை ஒன்றில் இயந்திர வரைபடம் போடுகிறவன். யாரோ தன்னைக் கண்காணிப்பதாக முதலில் சொன்னான். பிறகு, சாப்பாட்டில் அம்மா எதையோ கலக்கிறாள் என்றான். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில் சில மாதம் தெளிந்தான். தெளிந்ததும் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிவைத்துத் துப்பத் தொடங்கினான். எல்லாம் திரும்பி வந்தது. சாயங்காலம் மாத்திரை நேரம் நெருங்கினால் அவனுக்கு மாத்திரையைக் கண்டு பயம், எங்களுக்கு அவனைக் கண்டு பயம்.

அந்த டாக்டரம்மாதான் ஊசியைப் பற்றிச் சொன்னார். தையல் போட்ட பிறகு உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும் நூல் உண்டல்லவா, அதே வகைப் பாலிமரில் செய்த நுண்ணிய மணிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்து. மணி கரையக் கரைய மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், தினசரி மாத்திரை வேண்டாம் என்றார். போட்ட பிறகு வெளியே எடுக்க முடியுமா என்று அண்ணன் கேட்டான். முடியாது என்று அவர் மறைக்காமல் சொன்னார். அவன் சம்மதப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தான். "தினம் பயப்படறதுக்கு எப்பவாவது ஒரு தடவை பயந்துக்கறேன்" என்று கையெழுத்துப் போட்டான்.

நர்ஸ் அந்த மணிப்பொடியைத் திரவத்தில் கலக்கி இடுப்பில் ஊசி போட்டு, "ஆயித்து" என்றாள், முடிந்தது என்று கன்னடத்தில். எங்களுக்கோ அங்கேதான் ஆரம்பம். மணிகள் உடனே கரையாது, சில வாரம் ஆகும், அதுவரை மாத்திரையும் வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் இரண்டே நாளில் மாத்திரையைத் தள்ளிவிட்டான். ஊசிதான் போட்டாச்சே, இது வேறு எதற்கு என்று கேட்டான். எப்படிச் சொன்னாலும் அது இன்னொரு சதியாகத்தான் அவனுக்குப் பட்டது. உள்ளே மருந்து இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை. அந்த நாட்களில் அம்மா அரிவாள்மணையைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஒரு மத்தியானம் அலுவலகத்துக்கு அம்மா போன் செய்தாள். அண்ணன் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டிருக்கிறான், கையில் ஷேவிங் பிளேடு, இடுப்பிலிருப்பதை எடுக்கப்போகிறானாம். ஸ்கூட்டரில் எப்படி வந்தேன் என்று தெரியாது. கதவை உடைக்க எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடப் போன அம்மாவை நிறுத்தினேன். சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிடுவான் என்று தோன்றியது. கதவையொட்டித் தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணா, அதை வெட்டி எடுக்க முடியாது. அதுவா கரைஞ்சு போகும்."

"கரையும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நிச்சயமாகத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்கமாட்டான். "தெரியாது. டாக்டரம்மா சொன்னதுதான். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

உள்ளே குழாயைத் திருகி மூடும் சத்தம் கேட்டது. பிறகு கதவின் அடியிடுக்கு வழியாக பிளேடு மெல்ல வெளியே வந்தது. அதில் ரத்தம் இல்லை.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா முன்னால் மாத்திரையை விழுங்கினான். மணிகள் கரையத் தொடங்கும்வரை அவரே தினமும் வரவழைத்துக் கொடுத்தார். பிறகு ஒரு காலை, அம்மா வைத்த உப்புமாவை முகர்ந்து பார்க்காமல் சாப்பிட்டான். அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள்.

இப்போது ஊசிக்குத் தானே பஸ்ஸில் போய் வருகிறான். பஸ் தாமதமானால் நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பேன். போன வாரம் அப்படி நடப்பதை, கேட்டைத் திறந்துகொண்டே பார்த்துவிட்டான்.

"இன்னும் பயமா இருக்கா?"

ஆமாம் என்றேன்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "பாவம், உனக்குத்தான் ஊசி இல்லை" என்றான்.