ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுத்தவர் செய்த துப்பாக்கி

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. திருவண்ணாமலைத் தேரடி வீதிக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருந்தார். வேலை முடிந்தால் மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள். இவர் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். எழுபதுகளில் அப்படித்தான் ஒரு ரேடியோ செய்தார். அது பாட ஆரம்பித்த பிறகு தபாலாபீசுக்குப் போய் லைசென்ஸ் எடுத்தார். அப்போதெல்லாம் ரேடியோவுக்கும் லைசென்ஸ் உண்டு. எதையும் முதலில் செய்துவிட்டு அப்புறம் சர்க்காரிடம் சொன்னால் போதும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார் மனுஷன்.

சில வருஷம் கழித்துக் கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவர், வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி விரட்ட வைத்திருந்த லைசென்ஸ் துப்பாக்கியைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தார். சரிசெய்து கொடுத்தாயிற்று. இவருக்குத்தான் பித்துப் பிடித்துக்கொண்டது. ஆறு மாதம் உட்கார்ந்து அதே மாதிரி ஒன்றைச் செய்தார். சுடுவதற்கு இல்லை, எறும்பைக்கூட மிதிக்க மாட்டார். தன்னால் முடியுமா என்று பார்க்க, அவ்வளவுதான். என்னிடம் காட்டியபோது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இனிமே லைசென்ஸ் எடுத்துடலாம்" என்றார்.

நான் அன்றைக்கே அவரை எங்கள் தெரு வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். வைத்திருக்க ஒரு லைசென்ஸ், செய்வதற்கு வேறு லைசென்ஸ். அதையும் செய்வதற்கு முன்னாலேயே வாங்கவேண்டும், ஆசைக்குச் செய்கிறவர்களுக்கெல்லாம் தரமாட்டார்கள் என்றார். லைசென்ஸ் இல்லாமல் அந்த விவசாயியின் துப்பாக்கியைத் தொட்டதே தப்பாம். சுட்டுப் பார்த்திருந்தால் குழாய் வெடித்துக் கையே போயிருக்கலாம் என்றும் திட்டினார். ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுங்கள், ஆனால் செய்தவர் இவர் என்று தெரிந்தால் கேஸ்தான், ஜெயில்கூட ஆகலாம் என்றார்.

பொய் சொல்வதென்று நான்தான் முடிவு செய்தேன். கார்த்திகை தீபக் கூட்டத்தில் எவனோ பட்டறை வாசலில் போட்டுவிட்டுப் போனது என்று சொல்லச் சொல்லி, வழியெல்லாம் ஒப்பிக்க வைத்தேன். கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே ஒப்பித்தார், பாவம்.

ஸ்டேஷனில் ஏட்டையா துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரப்பிடியைத் தடவினார். விசையை இழுத்துப் பார்த்தார்.

"நல்ல வேலக்காரன் கை. யாருய்யா செஞ்சது?"

இத்தனை வருஷத்தில் இவர் வேலையை யாரும் அப்படிச் சொன்னதில்லை. முகம் மலர்ந்துவிட்டது. வாயைத் திறந்தேவிட்டார்.

"யாருன்னு தெரியலைங்க ஐயா" என்று நான் முந்திக்கொண்டேன். "குப்பையோட குப்பையா கெடந்துச்சி."

எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டார்.

"அது குப்பையா?"

இல்லைங்க என்று சொல்லத்தான் வாய் துடித்தது. சொன்னால் இன்னொன்று செய்துவிடுவாரோ என்ற பயத்தில், உள்ளே போய் உலை வைத்தேன்.