மேரு தோட்டத்தில் பிளந்த சோக் குழாய்

அந்தச் சோக் குழாய் ஒரு திங்கட்கிழமை காலையில் என் பட்டறை மேசைக்கு வந்தது. நுனி நாலாகப் பிளந்து வெளிப்பக்கம் மடங்கியிருந்தது. கொண்டுவந்து வைத்தவர் எங்கள் கடை மேனேஜர் சாமுவேல்.

"மேரு தோட்டத்துத் தொரையோட துப்பாக்கி இது. குழல்ல சேறு அடைச்சிருக்கு, தூக்கிட்டுப் போற ஆளு துடைக்கல. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு," என்றார்.

நான் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. அதற்குள் காரணமும் தயார், குற்றவாளியும் தயார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுவதால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் அந்தத் துப்பாக்கிக் கடையில் நான் ஃபிட்டர். துப்பாக்கிக் குழலின் நுனியைச் சற்றே குறுக்கினால் ரவைகள் சிதறாமல் தூரம் போகும். அந்தக் குறுக்கம்தான் சோக். முன்பெல்லாம் குழலோடு சேர்த்தே செய்துவிடுவார்கள். முப்பதுகளில் அமெரிக்காவிலிருந்து கழற்றி மாட்டும் குழாய்கள் வந்தன. வேட்டைக்குத் தகுந்தபடி திருகி மாற்றிக்கொள்ளலாம்.

உயரத்தில் பறக்கும் பச்சைப்புறாவுக்கு ஃபுல் சோக், அதாவது மிகவும் குறுகினது, சரி. வயலில் காலடியிலிருந்து எழும்பும் உள்ளானுக்குத் திறந்த குழாய் வேண்டும். அதற்கு ஃபுல் போட்டால் ஒன்று குறி தவறும், இல்லையென்றால் பறவை கறிக்கு ஆகாமல் கந்தலாகிவிடும். மண்தட்டை வீசிச் சுட்டுப் பழகுகிறவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று போதும். காட்டுப்பன்றிக்கு ஈயக் குண்டு போடுகிறவர் குறுக்கமே இல்லாத குழாயைத்தான் மாட்ட வேண்டும். குழலின் அகலத்துக்கு வார்த்த குண்டு, குறுகின நுனியில் எந்த வழியாகப் போகும்? அதனால்தான் ஃபுல் குழாயின் கழுத்தில் 'நாட் ஃபார் பால்', அதாவது குண்டுக்கு ஆகாது என்று இங்கிலீஷில் பொறித்தே அனுப்புவார்கள்.

சாமுவேலுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் வருகிறவர்களுக்கெல்லாம் ஃபுல் குழாயையே தள்ளிவிடுவார். "இதை மாட்டிட்டா போதும் தொரை, எல்லாத்துக்கும் ஆகும்," என்பார்.

பிளந்த குழாயைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். சேற்றின் தடமே இல்லை. கழுத்தில் ஈயம் வழித்து அப்பியிருந்தது.

"சார், ஃபுல் குழாய்ல குண்டு போட்டுச் சுட்டிருக்காங்க."

"தெரியுது லா. எல்லாத்துக்கும் ஆகும்னு வித்தது நாமதானே? தொரை மேல தப்புன்னா அவரு நம்ம பக்கம் திருப்புவாரு. வேலையாளு மேலன்னா யாருக்கும் தொந்தரவு இல்ல."

யாருக்கும் தொந்தரவு இல்லையாம். வேலையாள் என்பவன் ஓர் ஆளே இல்லை போலிருக்கிறது.

துப்பாக்கியைக் கொண்டுவந்த தோட்டத்து லோரி டிரைவர் வாசலில் நின்றிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"பன்னி வேட்டைண்ணே. துப்பாக்கி தூக்குற முனியன் தொரைக்குப் பக்கத்துல புதரை விலக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னான். வெடிச்சதுல வலது கையில ரெண்டு வெரலு போச்சு. வேலையும் போச்சு. லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பொண்டாட்டி வேற மாசமா இருக்கா."

குழாயைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அந்த லோரியிலேயே ஏறிவிட்டேன். சாமுவேல் பின்னால் கூப்பிட்டார். கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பங்களா வராந்தாவில் தொரை உட்கார்ந்திருந்தார். தோட்டத்து வெள்ளைக்காரர்கள் தமிழ் படித்துத்தான் ஆகவேண்டும். நன்றாகவே பேசுவார்கள், 'நீங்க' என்ற ஒரு சொல்லைத் தவிர. நான் குழாயை மேசையில் வைத்து, ஈயத்தைக் காட்டி, எழுத்தையும் காட்டினேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியும்," என்றார். "சனிக்கெழமை புறா சுட்டேன். ஞாயித்துக்கெழமை குழாய் மாத்த மறந்துட்டேன். வெடிச்சப்பவே எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியாது என்று நினைத்தல்லவா அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

"அப்புறம் முனியனை ஏன் வேலைய விட்டு நிறுத்துனீங்க தொரை?"

"கூட நாலு தொரைமாரு இருந்தாங்க. அவங்க முன்னாடி நான் என்ன சொல்ல?"

இதுதான் அவருடைய நியாயம். நாலு பேர் முன்னால் தன் முகம் கறுக்கக் கூடாது. அதற்கு ஒருவன் விரலும் போய், வேலையும் போய், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்டாட்டியோடு தெருவில் நிற்க வேண்டும்.

"இந்தக் குழாயை லேபர் ஆபீஸ்ல கொண்டுபோய் வைக்கிறேன் தொரை," என்றேன்.

அவர் குழாயை என் பக்கம் தள்ளிவிட்டார். "நாளைக்குப் பெரட்டுக்கு அவனை வரச் சொல்லு. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கட்டும். வேலை குடுக்கிறேன்."

"யாரு யாருகிட்ட மன்னிப்புக் கேக்கணும் தொரை?"

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தில் முனியனைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், என்னோடு லேபர் ஆபீசுக்கு வா என்று எவ்வளவோ சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அன்றிரவு நான் அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்றார்கள். முனியன் துணி சுற்றிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"சேறு இருந்ததை நான் பாக்கல தொரை. தப்பு என்னுதுதான். மன்னிச்சிருங்க."

"சரி, போ. இனிமே கவனமா இரு," என்றார் தொரை. கங்காணி அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

பெரட்டு கலைந்ததும் முனியனைப் பிடித்துக்கொண்டேன். "இல்லாத சேத்தை எதுக்குடா இருந்துச்சுன்னு சொன்ன? உனக்கு ரோஷமே கிடையாதா?"

"அண்ணே, நீங்க கோவப்பட்டுட்டு ரயிலு ஏறி கோலாலம்பூர் போயிருவீங்க. நான் இங்கதானே இருக்கணும். அந்தக் குழாயை வீசிருங்கண்ணே, யாராச்சும் பாத்தா எனக்குத்தான் வம்பு," என்றான்.

அவன்மேல் எனக்கு வந்த கோபம் அங்கேயே செத்துவிட்டது. தொரைமேலும் சாமுவேல்மேலும் வந்தது இன்றுவரை அப்படியே இருக்கிறது.

நான் குழாயை வீசவில்லை. என் மேசையில், வருகிறவர் கண்ணில் படும்படி வைத்தேன். சாமுவேல் முறைத்தார், ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. எடுக்கச் சொன்னால் ஏன் என்று நான் உரக்கக் கேட்பேன் என்று அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து சோக் குழாய் கேட்டு யார் வந்தாலும் இரண்டு கேள்வி கேட்பேன். எதைச் சுடப் போகிறீர்கள், பக்கத்தில் யார் நிற்பார்கள். இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். முதல் கேள்வியை எந்தக் கடையிலும் கேட்பார்கள். இரண்டாவதை நீங்கள் மறக்காமல் கேளுங்கள்.

அடுத்த வருஷம் மேரு தொரையே கடைக்கு வந்து இன்னொரு ஃபுல் குழாய் கேட்டார். புறாவுக்கு என்றார். பன்றி வேட்டையும் உண்டா என்றேன். உண்டு என்றார்.

"பக்கத்துல யாரு நிப்பாங்க தொரை?"

"முனியன்தான்," என்றார்.

ஃபுல் குழாயைத் தனியாகப் பையில் போட்டு, குண்டுக்கும் ஆகும் திறந்த குழாயைத் துப்பாக்கியில் நானே இறுகத் திருகினேன்.

"இப்ப எந்தக் கையால புதரைப் புடிக்கிறான் தொரை?" என்று கேட்டேன்.

அவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.