கூஸ்கோ மலையில் பாக்கியராசா சொன்ன பதில்

பாக்கியராசாவை நான் முதலில் கண்டது 1987 மாசி மாதம், ரொறன்ரோவில், அகதிக் கோரிக்கை விசாரணை நடந்த ஓர் அறையில். நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். பெயர் பேர்ணடெற். யாழ்ப்பாணக் கச்சேரி அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை பார்த்தவள், இங்கே வந்து அடுத்தவர் துயரத்தை ஆங்கிலத்தில் சொல்லிச் சம்பளம் வாங்கினேன். அழுகிறவரோடு சேர்ந்து அழக்கூடாது என்பது வேலையின் முதல் சட்டம். அது எனக்குச் சுலபமாகவே வந்தது. நான் கொஞ்சம் கல்நெஞ்சுக்காரி என்று என் மனிசனே சொல்லுவார்.

பாக்கியராசா மட்டக்களப்புப் பக்கம், ஆரையம்பதி. வயது முப்பத்தெட்டு, கல்யாணம் முடிக்கவில்லை. ஊரில் லொறி ஓடியவர். இங்கே சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறை அப்பாட்மென்டில் ஐந்து பேரோடு இருந்துகொண்டு றெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவினார். தாய் தகப்பன் இல்லை. சொந்தமென்று இருந்தது தங்கச்சி மனோரஞ்சிதமும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும்தான். அவளுடைய புருஷன் வீரக்குட்டி இவருக்குப் பள்ளிக்கூடக் கூட்டாளி. 1985இல் இருவரும் ஒன்றாகத்தான் ஊரைவிட்டு வெளிக்கிட்டார்கள்.

"எந்த வழியாகக் கனடாவுக்கு வந்தீர்?" என்று அதிகாரி கேட்டார்.

"பெரு நாட்டால" என்றார் பாக்கியராசா. "மலைக்குப் போய், பழைய கோட்டையெல்லாம் பாத்துப்போட்டு வந்த."

அகதி என்று வந்தவர் ஊர் சுற்றிப் பார்த்த கதை சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் சொன்னதைச் சொன்னேன்.

ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் போட்ட திட்டம் அது. லீமாவில் இறங்கி நேரே ரொறன்ரோவுக்கு விமானம் ஏறினால் சந்தேகம் வரும். சுற்றுலாக் கூட்டமொன்றோடு சேர்ந்து கூஸ்கோ நகருக்குப் போய், இன்கா ராசாக்கள் கட்டிய கோட்டைகளைப் பார்த்து, படமும் ஹோட்டல் பில்லும் கையுமாகத் திரும்பினால் வசதியான வெளியூர்க்காரர் என்று விட்டுவிடுவார்கள். பாக்கியராசாவுக்கு மலேசியப் பாஸ்போர்ட். வீரக்குட்டிக்குப் பிஜித் தீவுப் பாஸ்போர்ட், அதில் பெயர் பிரசாத். "ஆளை ஆள் தெரியாது. ஒரு சொல்லுத் தமிழ் வெளியில வந்தால் ரெண்டு பேரும் உள்ளுக்குத்தான்" என்று ஏஜென்ட் சொல்லி அனுப்பியிருந்தான். கேட்டால் சொல்வதற்கு இரண்டு மூன்று ஆங்கில வசனங்களும் பாடமாக்கிக் கொடுத்திருந்தான்.

கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பதினோராயிரம் அடி உயரம் என்றால் என்னவென்று தெரியாது. முதல்நாளே வீரக்குட்டிக்குத் தலையிடி, தின்றதெல்லாம் சத்தி. அறை வேறு வேறு என்றபடியால் பாக்கியராசா எட்டிப் பார்க்கவும் இல்லை. காலையில் வீரக்குட்டி முகமெல்லாம் ஊதி வந்து பஸ்ஸில் ஏறினான். ஹோட்டலில் தனியே நின்றால் யாராவது விசாரிப்பார்கள் என்ற பயம் அவனுக்கு.

கோட்டை ஊருக்கு மேலே இருந்தது. ஆள் உயரத்தைவிடப் பெரிய கற்கள். சாந்து பூசாமல் அடுக்கியவை, இடையில் கத்தி நுனிகூடப் போகாது என்று வழிகாட்டிப் பெண் சொல்ல, எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். பாக்கியராசாவும் தொட்டார். இருபது அடி தள்ளி வீரக்குட்டி, புதுக் கோட்டுப் போட்டபடி, வாயைத் திறந்து மூச்செடுத்துக்கொண்டு நின்றான். உள்ளூர்ப் படப்பிடிப்பாளன் ஒருவன் ஒவ்வொருவரையும் மதிலோடு நிற்கவைத்துப் படம் எடுத்தான். அதற்குப் பிறகு அடுத்த தட்டுக்கு ஏறவேண்டும். பாதிப் படியில் வீரக்குட்டி குந்திவிட்டான். பிறகு சரிந்தான்.

வழிகாட்டிப் பெண் ஓடிவந்து அவன் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் தண்ணீர் பருக்கினாள். உதடு நீலம். "இவரோடு வந்தவர் யார்? இவருக்கு என்ன வருத்தம்?" என்று கத்தினாள். கூட்டம் முழுக்க வெள்ளைக்காரர். எல்லோரும் பாக்கியராசாவைத்தான் பார்த்தார்கள்.

"ஐ டோன்ட் நோ ஹிம் எண்டு சொன்னன்" என்றார் பாக்கியராசா, அதிகாரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. "ஏஜென்ட் காட்டித்தந்த இங்கிலீசு. அவன் என்னையே பாத்துக்கொண்டு கிடந்த, அக்கா."

வாகனத்தில் கீழே கொண்டுபோகும் வழியில் வீரக்குட்டி செத்துப்போனான். பிரசாத் என்ற பெயரில் அங்கேயே புதைத்தார்கள். அன்று பின்னேரம் மிச்சக் கூட்டத்துக்கு இன்னும் இரண்டு இடங்கள் காட்டினார்கள். பாக்கியராசாவும் போய்ப் பார்த்தார்.

"செத்தவர் உமக்கு என்ன முறை?" என்று அதிகாரி கேட்டார். தங்கச்சியின் புருஷன் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

வெளியில் வந்ததும், வேலைச் சட்டத்தை மீறி, அவரை மறித்துக் கேட்டேன்.

"தங்கச்சிக்குத் தெரியுமோ?"

"இல்லக்கா. மச்சான் ரொறன்ரோவுக்கு வெளியில விட்பிப் பக்கம் வேலையில, லீவு இல்லெண்டு எழுதினன். கோட்டையில மச்சான எடுத்த படத்த பஸ்ஸில வித்த, அத வாங்கி அனுப்பினன். கனடாவில வீடெல்லாம் ஏன் இடிஞ்சி கிடக்கு எண்டு கேட்டு எழுதியிருக்காள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருடம்! அந்தப் பெண் பொட்டு வைத்து, தாலி போட்டுக்கொண்டு, செத்தவனுக்கு விரதம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். முப்பத்தோராம் நாள் காரியம் இல்லை, திவசம் இல்லை, ஒரு நேரச் சோறுகூட அவன் பேரில் படைக்கவில்லை.

"சொன்னா அவள் தாங்கமாட்டாள், அக்கா."

"அவவுக்காகப் பயப்பிடேல்லை நீங்கள். உங்களுக்காகத்தான் பயப்பிடுறியள்" என்றேன்.

அவளும் போனால் தனக்கு ஒருத்தரும் இல்லை என்று மட்டும் சொன்னார்.

நான் விடவில்லை. மட்டக்களப்பு ரவுணில் ரெலிபோன் வைத்திருந்த கடைக்கு இன்ன நாள், இன்ன நேரம் வந்து நிற்கச்சொல்லித் தங்கச்சிக்குக் கடிதம் போடுவித்தேன். ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் என் வீட்டிலிருந்து பேசினார். அந்தக் காலத்தில் கத்தித்தான் பேசவேண்டும், மறுபக்கமும் கத்தும். குசினி வாசலில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

செய்தியைச் சொன்னார். அவள் போட்ட சத்தத்தில் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். கனநேரத்துக்குப் பிறகு அவள் கேட்டாள்:

"நீ பக்கத்திலயா இருந்த, அண்ணன்? கடைசியா ஆரு அவருக்குத் தண்ணி குடுத்த?"

அவர் என்னைப் பார்த்தார். "நான்தான் குடுத்தன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளும் பிழைத்திருப்பாள், இவரும் பிழைத்திருப்பார். உள்ளதைச் சொல்லுங்கோ என்று நான் கையைக் காட்டினேன். அவர் சொன்னார். தண்ணீர் கொடுத்தது யாரென்று சொன்னார், அந்த ஆங்கில வசனத்தைச் சொன்னார், பின்னேரம் கோட்டை பார்க்கப் போனதையும் சொன்னார். "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்டார். கடைக்காரர்தான் எடுத்து, "அவ போயிட்டாங்க தம்பி" என்றார்.

அவள் முப்பத்தோராம் நாள் காரியம் செய்ததை ஊரிலிருந்து வந்தவர்கள் சொல்லித்தான் அறிந்தார். அவர் போட்ட கடிதங்கள் உடைக்கப்படாமல் திரும்பி வந்தன. அடுத்த வருடம் அவருடைய கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூப்பிட அன்றைக்கே விண்ணப்பம் போட்டார். இரண்டு அறை அப்பாட்மென்ட் எடுத்தார். பிள்ளைகளின் வயதைக் கணக்குப் பார்த்துக் குளிர்க்கோட்டுகளும் வாங்கி வைத்தார். ஒரு வருடம் போக, அளவு காணாது என்று மாற்றி வாங்கினார். அந்தப் பைத்தியக்காரத்தனத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அன்றைக்குக் கையைக் காட்டியிருக்கக்கூடாது என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தேன்.

1989 ஐப்பசியில் ஓர் ஆங்கிலக் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். கொழும்பு விசா அலுவலகத்திலிருந்து வந்தது. மனோரஞ்சிதம் நேர்முகத்துக்கு நேரில் வந்தாராம். கனடாவில் தனக்கு உறவினர் எவரும் இல்லை, விண்ணப்பித்தவரைத் தனக்குத் தெரியாது என்று கையெழுத்திட்டுக் கொடுத்தாராம். ஆகவே விண்ணப்பக் கோவை மூடப்பட்டது.

வர விருப்பமில்லை என்றால் போகாமலே விட்டிருக்கலாம். அந்த நாளில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் எத்தனை சோதனைச்சாவடி, எத்தனை மணித்தியாலம். இந்த ஒரு வரியைச் சொல்வதற்காகவே அவள் அவ்வளவு தூரம் போயிருக்கிறாள்.

நான் வாசித்துச் சொல்லி முடித்தேன்.

"புள்ளைகளும் கூட வந்தாங்களாமா, அக்கா?" என்று கேட்டார் பாக்கியராசா.

கடிதத்தில் அது எழுதவில்லை என்றேன்.