நீர் விடாத பாத்தி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டின் கோடையில், வேளாண்மைக் கல்லூரியின் சோதனை வயலில்தான் அந்த ஆராய்ச்சி மாணவி அவரை முதன்முதலில் சந்தித்தாள். மண்வெட்டியும் கையுமாக வாய்க்காலைத் திறந்தும் அடைத்தும் வயல்களுக்கு நீர் பாய்ச்சுவது அவர் வேலை. விடுதி மாணவர்களுக்கு அவர் ‘மடை அண்ணன்’. குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டாலும், காதல் கடிதம் பெண்கள் விடுதிக்குப் போய்ச் சேர வேண்டுமானாலும் அவரிடந்தான் ஓடுவார்கள்.

அவளுடைய ஆய்வு, வறட்சியைத் தாங்கும் புதிய சோள விதையைப் பற்றியது. மற்றப் பாத்திகளுக்கு நீர் உண்டு; ஓரத்துப் பாத்திக்கு மட்டும், முளைத்த பிறகு ஒரு சொட்டும் கூடாது. அது காய்ந்தால் விதை தோற்றது, தாங்கினால் வென்றது. அவள் இதை விளக்கியபோது அவர் தலையைச் சொறிந்தார்.

"பெத்த பிள்ளையில ஒண்ணை மட்டும் பட்டினி போடுற மாதிரி இருக்கும்மா."

ஆனாலும் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார்.

பாத்தி காயவில்லை. வரப்புப் புல்லெல்லாம் கருகியபோதும் அந்தச் சோளம் பச்சைப் பசேலென்று நின்றது. அவளை வழிநடத்திய பேராசிரியர் பூரித்துப்போனார். மழையை நம்பிப் பயிரிடும் விவசாயிகளை வரவழைத்து, அடுத்த பருவத்திற்கு இதையே விதைக்கலாம் என்று அறிவுரை கூற ஏற்பாடு செய்தார். அவளுடைய பட்டமும் அந்தப் பாத்தியில்தான் விளைந்துகொண்டிருந்தது.

கூட்டத்தன்று அவள் பேச எழுந்ததும், சேற்றுக்காலோடு மடை அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, அதைப் போடச் சொல்லாதீங்க. சாயங்காலத்துல நான்தான் அதுக்கும் கொஞ்சம் தண்ணி விட்டேன். வாடி நின்னுச்சு, மனசு கேக்கலை. இவங்க நம்பி விதைச்சுட்டா என்ன ஆகும்?"

மடை திறந்தது போதாதென்று வாயையும் திறந்துவிட்டாரே என்று ஒரு விவசாயி சொல்ல, கூடமே சிரித்தது. பேராசிரியர் பேயறைந்தவர்போல் அமர்ந்திருந்தார். அவளுக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கரும்பலகையில் எழுதியிருந்தவற்றை அழித்துவிட்டு, விரல்களில் ஒட்டிய சுண்ணக்கட்டித் தூளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மடை அண்ணனை விடுதிக் காவலுக்கு மாற்றினார்கள். மறு ஆண்டு அவள் மீண்டும் விதைத்தாள். அந்தப் பாத்தி காய்ந்தது. நாள்தோறும் அதன் ஓரத்தில் நின்று, காய்வதைக் குறித்துக்கொண்டாள். பிறகு வேறு விதை, வேறு ஆய்வு, பட்டம், பேராசிரியர் பதவி. வாயிலைக் கடக்கும்போது அவர் எழுந்து வணங்குவார், அவள் தலையசைப்பாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அவர் ஓய்வுபெற்று நெடுநாள் கழித்து, சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு மருத்துவமனைக்குப் போனாள். தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்பது கட்டளை. மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் கால்வீக்கம் ஏன் வடியவில்லை என்று மருத்துவர் குழம்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கட்டிலருகே நின்ற மகள், அப்பா கெஞ்சும்போதெல்லாம் தான் ஒளித்துத் தண்ணீர் கொடுத்ததை ஒப்புக்கொண்டாள். மருத்துவர் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு வெளியேறினார்.

பேராசிரியை கட்டிலருகே இருந்த காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் எதுவும் அசையவில்லை. மகளின் கண்கள் அவள் முகத்தைத் தேடின. அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். மறுநாள் காலையில் அவர் இல்லை. ஆகவே, அவர் அவளிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"இவளைத் திட்டிடாதீங்கம்மா. உங்களை மாதிரி பார்த்துக்கிட்டே நிக்க இவளுக்கு வராது."