எதிரொலி அக்கா

பஸ் டிப்போவில் அவருக்கு எதிரொலி அக்கா என்று பெயர் வைத்தது டிரைவர்கள்தான். கண்டக்டராக இருந்துகொண்டே அஞ்சல் வழியில் உளவியல் படித்து, தொழிலாளர்களுக்கு மனநல ஆலோசகர் ஆனவர். டயர் கிடங்கை ஒட்டிய அறையைக் கொடுத்தார்கள். வந்த அன்றே மேஜையைத் தூக்கி வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். "நடுவுல மேஜை இருந்தா நான் அதிகாரி ஆயிடுவேன்" என்றாராம். ஒரே உயரத்தில் சில நாற்காலிகள், ரப்பர் நாற்றம், அவ்வளவுதான் அறை.

என் வீட்டுக்காரர் ஓட்டிய பஸ்ஸின் பின்சக்கரத்தில் ஓர் இளைஞன் பைக்கோடு சறுக்கி விழுந்து இறந்துபோனான். இவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து இவர் ஸ்டியரிங்கையும் தொடவில்லை, வாயையும் திறக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைப்பாரா என்று பயந்து செத்தேன்.

அக்காவிடம் இவரை இழுத்துக்கொண்டு நானும் போனேன்.

"என் மேல தப்பில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் இவர், ஒருவழியாக.

"எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு அப்படித் தோணல."

சொன்னதையே திருப்பிச் சொல்வதற்கா சம்பளம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களும் தப்பில்லைன்னு சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்திவிட்டேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அவர் பழையபடி ஆகணும்னு தவிக்கிறீங்க."

எனக்கும் எதிரொலியா என்று சண்டைக்குப் போயிருப்பேன், ஆனால் அவர் சொன்னது நிஜம். பக்கத்தில் இவர் அழுதுகொண்டிருந்தார். விபத்துக்குப் பிறகு அப்போதுதான் முதலில் அழுதார்.

அப்புறம் வாராவாரம் போனோம். இவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். எப்போது வண்டி எடுப்பார் என்று டிப்போ மேனேஜர் அக்காவை நச்சரித்தபடி இருந்தார். ஒருநாள் அக்காவே, "டிப்போவுக்குள்ளயே ஒரு சுத்து ஓட்டிப் பாருங்களேன்" என்றார். இவர் மறுபேச்சில்லாமல் ஏறி, ஓட்டி, இறங்கி, வாந்தி எடுத்தார். மறுபடி வாய்க்குப் பூட்டு. அந்த அறைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மேனேஜர் கேட்டுக்கிட்டே இருந்தாரு. அவருக்குப் பதில் சொல்லணுமேன்னு ஓட்டச் சொல்லிட்டேன். அது என் அவசரம், உங்களோடது இல்ல. மன்னிச்சிடுங்க."

வந்தவன் போனவன் எல்லாம் இவருக்குப் புத்தி சொல்லியிருக்கிறான். புத்தி சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டு ஓர் ஆள் படியேறி வந்து நான் பார்த்ததே இல்லை. அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

இவர் அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா எதையும் கேட்டுத் தூண்டவில்லை. நான்தான் தொண்டையைக் கனைத்துக் கனைத்துப் பார்த்தேன். கடைசியில் யாரும் கேட்காமலே இவர் சொன்னார்.

"அந்தப் பையனோட அம்மாவைப் பார்க்கணும்க்கா."

வேண்டாம், அடித்து விரட்டுவார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

"பார்த்தே ஆகணும்னு இருக்கு உங்களுக்கு."

இவர் தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். அத்தனை நாளில் இவராக வாய்விட்டு ஒன்று வேண்டும் என்று சொன்னது இதுதான்.

"சட்டையை மாத்திட்டு வாங்க" என்றேன். "நானும் வரேன்."